இரட்டை வகுப்பு

கோயம்புத்தூர் உக்கடத்துப் பழைய புத்தகக் கடைகளுக்கு நான் போவது விமர்சன நூல்களைத் தேடி. கிடைப்பது பெரும்பாலும் போட்டித் தேர்வு கைடுகள். நான்கு வருஷங்களுக்கு முன் அப்படி ஒரு கைடுக் குவியலின் அடியில், ஓரம் செல்லரித்த பெரிய புத்தகம் ஒன்று அகப்பட்டது. அட்டையில் ஒரு பூத விக்கிரகம் உட்கார்ந்திருக்கிறது. அதன் கண்ணில் பதித்த ரத்தினத்தை இரண்டு ஆட்கள் நெம்பி எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். சிலைத் திருட்டு பற்றிய புத்தகம் என்று நினைத்து அறுபது ரூபாய் கொடுத்தேன். திருப்பூர் பஸ்ஸில் பிரித்துப் பார்த்தால், அது 1978இல் அமெரிக்காவில் அச்சான ஒரு விளையாட்டின் விதிப்புத்தகம். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற விளையாட்டின் விரிவுபடுத்திய ரூபத்தில், ஆடுகிறவர்களுக்கான கையேடு.

இந்த விளையாட்டை அறியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்லவேண்டும். கட்டம் வேண்டியதில்லை, காய் வேண்டியதில்லை. ஒருவர் நடுவர்; இடத்தையும் ஆபத்தையும் வாயால் வர்ணிக்கிறார். மற்றவர்கள் ஆளுக்கொரு மனிதனைக் காகிதத்தில் வைத்திருக்கிறார்கள். 'கதவைத் தள்ளுகிறேன்', 'ஓடுகிறேன்' என்று சொல்கிறார்கள். நடந்ததா இல்லையா என்பதைப் பகடை சொல்கிறது. அதில் இருபது முகமுள்ள பகடையும் உண்டு. நாலு பேர் சேர்ந்து வாயால் எழுதும் நாவல் என்று முதலில் எனக்குப் பட்டது. அது தப்பு. நாவலாசிரியனுக்குத் தன் பாத்திரம் செத்துப்போவதில் ஒரு சௌகரியம் உண்டு, அத்தியாயம் முடியும். இங்கே செத்தால், பக்கத்தில் உட்கார்ந்து முறுக்குத் தின்கிறவரின் முகம் வாடிவிடுகிறது.

எங்கள் ஜமா ஐந்து பேர். நான், ஒரு தமிழாசிரியர், ஏற்றுமதிக் கம்பெனியொன்றில் மெர்ச்சண்டைசராக இருக்கும் என் கல்லூரித் தோழன், பிரிண்டிங் பட்டறை ஒன்றில் கணக்கெழுதும் ஒரு பெண், அவள் தெருவில் குடியிருக்கும் ஒரு டெய்லர், வயது இருபத்தாறு. சனிக்கிழமை இரவு வாரச் சம்பளம் போட்டுவிடுவதால் திருப்பூருக்கு ஞாயிறு ஒன்றுதான் நாள். அனுப்பர்பாளையத்தில் ஆசிரியரின் வீட்டு மாடியில் கூடுவோம். 'பித்தளைப் பாத்திரத்துக்குப் பேர்போன ஊரில் காகிதப் பாத்திரம் வார்க்கிறோம்' என்பார் அவர், மாதம் ஒரு தடவையாவது.

ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு 'கிளாஸ்' உண்டு: வீரன், மந்திரவாதி, பூசாரி, திருடன் என்று. அதில் அனுபவப் புள்ளிகள் சேரச்சேர ஒவ்வொரு படியாக ஏறுவார்கள். 'கிளாஸ்' என்பதற்குத் தமிழில் என்ன போடுவது என்பதில் முதல் ஞாயிறு முழுவதும் போயிற்று. வர்க்கம் என்றால் பொருளாதாரம் உள்ளே வந்துவிடுகிறது. வகுப்பு என்றால் ஒரு பக்கம் பள்ளிக்கூடம், மறுபக்கம் வகுப்புவாரிப் பிரதிநிதித்துவம். 'குலம்' என்று ஆரம்பித்த ஆசிரியர் தானே வாபஸ் வாங்கிக்கொண்டார். டெய்லர் தம்பிக்கு இதில் சிக்கலே தெரியவில்லை. "வேலைன்னு சொன்னாப் போதாதுங்ளா? கம்பெனி கேட்டுல நின்னா என்ன வேலைன்னுதான கேக்கறாங்க. ஓவர்லாக்குன்னு சொல்றமுங்க, சிங்கருன்னு சொல்றமுங்க." நான் வகுப்பு என்பதிலேயே நின்றேன். அந்தச் சொல்லில் இருக்கும் வாடை அந்தப் புத்தகத்திலேயே இருக்கிறது.

எங்கள் தகராறு முழுவதும் ஒரே கேள்வியில்தான்: ஒருவன் இரண்டு வகுப்பில் இருக்கலாமா? இருந்தால் அதற்கு என்ன விலை?

1978 புத்தகம் இதற்கு இரண்டு பதில் வைத்திருக்கிறது. மனிதரல்லாத இனங்கள் (வனதேவதை மாதிரி ஒரு சாதி, மலைக்குள் வாழும் குள்ளர்கள், இப்படி) ஒரே சமயத்தில் இரண்டு மூன்று வகுப்பில் இருக்கலாம். வரும் அனுபவம் சரிபாதியாகப் பிரியும். ஒரு வகுப்பில் மேலே ஏற வழியில்லாமல் நின்றுவிட்டாலும் அதன் பங்கு அதற்குப் போய் வீணாகிக்கொண்டே இருக்கும். எந்த இனத்தான் எந்தெந்த வகுப்பைச் சேர்க்கலாம், எந்தப் படிவரை ஏறலாம் என்பதற்கு அட்டவணை இருக்கிறது. குள்ளர் இனத்தான் வீரனாக 9ஆம் படிக்கு மேல் போகமுடியாது. மந்திரம் அவனுக்குக் கிடையவே கிடையாது. திருடனாக மட்டும் எவ்வளவு உயரம் வேண்டுமானாலும் ஏறலாம். இந்த அட்டவணையை நான் உரக்கப் படித்தபோது கணக்கெழுதும் பெண் சிரித்த சிரிப்பை இங்கே எழுதிக் காட்ட முடியாது. "எழுதினவர் நம்ம ஊருக்கு வந்திருப்பாருங்களா?" என்று கேட்டாள்.

மனிதர்களுக்குப் பதில் வேறு. மனிதன் ஒரே சமயத்தில் இரண்டாக இருக்கமுடியாது. ஒன்றை விட்டுவிட்டு மற்றொன்றுக்குப் போகலாம். அதற்கும் தகுதி வேண்டும்: பழைய வகுப்புக்கு உரிய குணத்தில் 15, புதியதற்கு உரியதில் 17. மூன்று பகடைகளைச் சேர்த்து உருட்டினால் 17க்குக் குறையாமல் விழுவது 216இல் 4 தடவை. அப்படிப் போனவன் பழைய வகுப்புக்குத் திரும்பி அதில் மேலே ஏறவே முடியாது. அதைவிட முக்கியமானது அடுத்த நிபந்தனை. புதிய வகுப்பில் அவனுடைய படி பழைய படியைத் தாண்டும்வரை பழைய திறமையைத் தொடக்கூடாது. ஆபத்தில் கத்தியை எடுத்துவிட்டால் அந்தச் சாகசம் முழுவதற்கும் அனுபவம் பூஜ்யம்.

இந்த விதியை முதலில் படித்தபோது எனக்கு ஏற்பட்ட கிளர்ச்சியை மறைக்க விரும்பவில்லை. என்னைப் பற்றி இவ்வளவு கறாராக யாரும் எழுதியதில்லை. நான் பி.ஏ. ஆங்கிலம் படித்துவிட்டு வங்கியில் குமாஸ்தாவாக இருக்கிறேன். பத்து வருஷமாகக் கவிதை பற்றிக் கட்டுரை எழுதுகிறேன். ஆபீசர் ப்ரமோஷன் இரண்டு தடவை வந்தது. வெளியூர் மாற்றலாகும், எழுத்து நின்றுபோகும் என்று இரண்டு தடவையும் வேண்டாமென்று எழுதிக்கொடுத்தேன். கவுண்டரில் இருக்கும்போது இலக்கியத்தையும், எழுதும்போது கவுண்டரையும் தொடுவதில்லை என்பது என் நியமம். தொட்டால் இரண்டும் கெடும் என்று நம்பினேன். இன்ன மாதிரி ஒரு சந்நியாசத்தை முன்பின் தெரியாத ஓர் அமெரிக்கன் விதியாக எழுதி அச்சிட்டிருக்கிறான்!

எழுதியவர் கேரி கைகாக்ஸ் (1938-2008). சிகாகோவில் இன்ஷூரன்ஸ் கம்பெனியொன்றில் அண்டர்ரைட்டராக இருந்தவர். 1970இல் அந்த வேலை போயிற்று. பிறகு கொஞ்ச காலம் செருப்பு ரிப்பேர் செய்து குடும்பத்தை ஓட்டினார். 1974இல் டேவ் ஆர்னஸனுடன் சேர்ந்து இந்த விளையாட்டின் முதல் வடிவத்தை வெளியிட்டார். அட்டவணையும் சதவீதமுமாக நிரம்பி வழியும் அந்தக் கையேட்டை இன்ஷூரன்ஸ் ஆபீஸைத் தெரியாத ஒருவர் எழுதியிருக்க முடியாது என்று எனக்குத் தோன்றுகிறது. பழைய வேலையைத் தொடாதே என்று சட்டம் போட்டவர், அந்தச் சட்டத்தைப் பழைய வேலையின் கையாலேயே எழுதியிருக்கிறார்.

புத்தகத்தின் பின்னிணைப்பில் இன்னொரு விசித்திரம். பாணன் என்று ஒரு வகுப்பு. நேரடியாகப் பாணனாகப் பிறக்க யாராலும் முடியாது. முதலில் வீரனாக 5ஆம் படியாவது ஏறவேண்டும். 8ஆம் படியை எட்டுமுன் அதை விட்டுத் திருடனாக வேண்டும். அதிலும் 5க்கும் 9க்கும் இடையில் திருட்டை விட்டு, காட்டுப் பூசாரிகளிடம் சீடனாகப் போகவேண்டும். அப்போதுதான் பாட்டு. சண்டை, திருட்டு, குருகுலவாசம் இந்த மூன்றும் கழிந்த பிறகே கவி. சங்கப் பாணர்களைப் பற்றி நம்மிடம் உள்ள ஆராய்ச்சிகளில் பலதைவிட இதில் யோசிக்க அதிகம் இருக்கிறது என்று ஆசிரியரிடம் சொன்னேன். அவர் இரண்டு வாரம் என்னோடு சரியாகப் பேசவில்லை.

நம் பக்கத்தில் இந்தப் பிரச்னையை எழுத்தாளர்கள் பெயரால் தீர்த்துக்கொண்டார்கள். கதை எழுதும்போது வண்ணதாசன், கவிதை எழுதும்போது கல்யாண்ஜி. உரைநடையில் சுந்தர ராமசாமி, கவிதையில் பசுவய்யா. ந. பிச்சமூர்த்திக்கு 'பிக்ஷு' இருந்தது. ஆனால் கவனித்தால், இந்த இரட்டைப் பெயர்களெல்லாம் எழுத்துக்குள்ளேயே கோடு போட்டவை. வண்ணதாசனின் வங்கிக்கோ, சுந்தர ராமசாமியின் ஜவுளிக்கடைக்கோ, பிச்சமூர்த்தியின் வக்கீல் தொழிலுக்கோ தனிப் பெயர் இல்லை. சோறு போட்ட வேலை மூன்றாவது மனிதனாக வாசலிலேயே நின்றது. நம் சிறு வட்டத்திலும் அப்படித்தான். ஒருவரோடு பதினைந்து வருஷம் இலக்கியம் பேசியிருப்போம்; காலை பத்திலிருந்து ஐந்துவரை அவர் கை என்ன செய்கிறது என்று கேட்டிருக்கமாட்டோம். கேட்பது மரியாதைக் குறைவு என்று ஒரு பாவனை.

விதிகளை வீட்டுக்கு வீடு மாற்றிக்கொள்வது நமக்கொன்றும் புதிதல்ல. தாயத்தில் எதிரியின் ஒரு காயையாவது வெட்டினால்தான் உள்ளே ஏறலாம் என்று ஒரு வீடு சொல்லும், அடுத்த வீடு வேண்டாம் என்கும். என் தாத்தா ஆடிய நாட்டுச் சதுரங்கத்தில் ராஜா ஆயுளில் ஒரு தடவை குதிரைபோலத் தாவலாம். கடைசிக் கட்டத்தை அடைந்த சிப்பாய், மந்திரியாக ஆசைப்படமுடியாது; எந்தப் பத்தியில் போய் நின்றானோ அந்தப் பத்திக்குரிய காயாகத்தான் ஆவான். யானைப் பத்தியில் நடந்தவன் யானை. சிப்பாய் யாராக முடியும் என்பதை அவன் தொடங்கிய இடமே ஏறக்குறையச் சொல்லிவிடுகிறது. சின்ன வயதில் இது எனக்கு அநியாயமாகப் படவில்லை. மந்திரிதான் எல்லாரும் ஆகவேண்டுமா என்ன.

ஆக, நாங்களும் விதி எழுதினோம். எங்கள் எல்லாருக்கும் மனிதப் பாத்திரங்கள்தான், அட்டவணையைத் தூக்கி எறிந்துவிட்டதால். 17 வேண்டும் என்ற நிபந்தனையையும் எடுத்தோம். பழைய திறமையைத் தொட்டால் அனுபவம் பூஜ்யம் என்பதை நான் விடவில்லை. அதோடு சொந்தமாக ஒன்று சேர்த்தேன். அதற்கு 'மறதி விதி' என்று பெயரும் வைத்தேன். கற்கத் தொடங்கிய வகுப்பை மூன்று ஞாயிறு தொடர்ந்து பயன்படுத்தாவிட்டால் அதில் ஒரு படி இறங்கும். அரையாண்டுக் கணக்கு முடிக்கும் சமயங்களில் எனக்கு எழுத்து எப்படித் துருப்பிடிக்கிறது என்பதை நினைத்து எழுதியது. அதன் உண்மையைப் பற்றி எனக்குச் சந்தேகமே இல்லை. சுயானுபவத்திலிருந்து வந்தது அல்லவா!

மெர்ச்சண்டைசர் தோழன் வேறு வழிகளையும் கொண்டுவந்தான். இதே விளையாட்டு 2000இல் திருத்தப்பட்டபோது இன வரம்புகளெல்லாம் போய்விட்டன. ஒவ்வொரு படி ஏறும்போதும் எந்த வகுப்பிலிருந்து வேண்டுமானாலும் ஒரு படி எடுத்துக்கொள்ளலாம். வகுப்புகள் ஒன்றுக்கொன்று ஏறத்தாழச் சமமாக இல்லாவிட்டால் அனுபவத்தில் ஐந்தில் ஒரு பங்கு பிடித்தம், அதற்கும் விலக்குகள். 2014 பதிப்பில் பிடித்தமும் இல்லை. உரிய குணத்தில் 13 இருந்தால் போதும். 2024இல் 'இனம்' என்ற சொல்லையே மாற்றிவிட்டார்கள். "பஃபே" என்றான் தோழன். 1978இலேயே ரூன்குவெஸ்ட் என்று இன்னொரு விளையாட்டு வகுப்பையே ஒழித்துவிட்டது. எந்தத் திறமையை உபயோகிக்கிறாயோ அது வளரக்கூடும், அவ்வளவுதான். எனக்கு இது பிடித்திருந்தது. டெய்லர் தம்பி ஒத்துக்கொள்ளவில்லை. "அப்பறம் அவன் யாருன்னு சொல்றதுங்ணா? எல்லாம் கொஞ்சங் கொஞ்சம் தெரியும்னா, கம்பெனில வேலை குடுக்கமாட்டாங்க." வகுப்பே இல்லாத மனிதன் என்பது வீட்டு வாடகை கட்டத் தேவையில்லாதவர்களின் கனவோ என்று பின்னால் யோசித்திருக்கிறேன்.

யார் எதைச் சேர்க்கலாம் என்ற கேள்விக்கு இந்த ஊரில் ஓர் ஐதீகம் இருக்கிறது. காட்டில் பாடுபட்டவன் பனியன் கம்பெனியில் கூலியாக நுழைந்து, அதே கையால் முதலாளி ஆனான் என்பது. அது பொய்யல்ல. சரத் சாரி 2004இல் வெளியிட்ட 'ஃப்ரேட்டர்னல் கேபிடல்' இதைப் பற்றியதுதான்; விவசாயக் குடும்பத்திலிருந்து வந்த கவுண்டர்கள் தங்கள் உழைப்பையே மூலதனம் என்று சொல்லிக்கொண்டதை அவர் ஆராய்கிறார். தொழிலாளி, முதலாளி என்ற இரண்டு வகுப்பை ஒரே உடம்பில் சேர்த்தவர்கள். ஆனால் கவுண்டர் அல்லாதவர்களுக்கும், முக்கியமாகத் தலித்துகளுக்கும் பெண்களுக்கும், அந்தச் சேர்க்கை எந்தப் படியில் நின்றது? பஞ்சப்படி கேட்டு 1984இல் 127 நாள் வேலைநிறுத்தம் செய்தவர்களில் எத்தனை பேர் பிறகு அந்த அதிசயத்தைச் செய்தார்கள்? கைகாக்ஸின் அட்டவணை அச்சில் இருக்கிறது, நம்முடையது அச்சில் இல்லை. செக்கிங்கில் இருபது வருஷம் இருக்கும் பெண்ணை எனக்குத் தெரியும். கட்டிங் மாஸ்டர் செய்யும் தப்பை எட்டடி தூரத்திலிருந்து சொல்வாள். அவள் கட்டிங் மாஸ்டர் ஆகமாட்டாள்.

இப்போது தகராறுக்கு வருகிறேன்.

டெய்லர் தம்பியின் பாத்திரம் வீரனாக 5ஆம் படிவரை வந்து மந்திரத்துக்கு மாறியிருந்தது. எங்கள் ஐந்து பேரில் விளையாட்டை நிஜமாக நேசித்தவன் அவன்தான். மந்திரங்களின் பெயர்களைத் தமிழாக்கி ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தான். அவன் செய்த சில பெயர்கள் நம் மொழிபெயர்ப்பாளர்களிடம் அகப்படாதவை. வஸ்துக்களைத் தன் இடத்திலிருந்தே நகர்த்தும் மந்திரத்துக்கு 'தூரக்கை' என்று வைத்திருந்தான். போன வருஷம் ஆடி மாதம் ஒரு ஞாயிறு, ஆட்டம் தொடங்குமுன், பையிலிருந்து மடித்த கடிதம் ஒன்றை எடுத்து, "அண்ணா, இதக் கொஞ்சம்..." என்றான். அவன் அம்மாவின் நகைக்கடன் விஷயம், ஒரு நிதி நிறுவனத்தின் கடிதம், ஆங்கிலத்தில். எனக்கு அதற்கு முன்பே ஒரு நியமம் இருந்ததைச் சொன்னேன் அல்லவா. ஞாயிறு மேஜையில் வங்கி பேசுவதில்லை. தோழன் ஒருமுறை வீட்டுக்கடன் வட்டி கேட்டபோது எல்லார் முன்னும் அறிவித்தது. "நாளைக்கு பிராஞ்சுக்கு வா தம்பி, பார்க்கலாம்" என்றேன். அவன் சரிங்ணா என்று கடிதத்தைத் திரும்ப வைத்துக்கொண்டான். திங்கட்கிழமை ஷிப்டில் இருப்பவன் பிராஞ்சுக்கு எப்படி வருவான் என்று எனக்குத் தோன்றவில்லை.

அதற்கப்புறம் மூன்று ஞாயிறு அவன் வரவில்லை. நான்காவது ஞாயிறு வந்தபோது, மறதி விதிப்படி அவன் மந்திரம் 3ஆம் படியிலிருந்து 2க்கு இறங்கிற்று. நான்தான் அவன் தாளில் அழித்து எழுதினேன். அப்போதுதான் சொன்னான். "எட்டு மாசம் ஊர்ல பருத்திக் காட்டுல இருந்துட்டு வந்து மெஷின்ல உக்காந்தனுங்ணா. அரைமணி நேரம் ஊசி எங்கியோ போச்சு. அப்பறம் பழையபடி. கை மறக்காதுங்க. மறக்கறதெல்லாம் பேப்பர்ல படிச்சதுதான்." நான் ஏதோ தர்க்கம் சொன்னேன். மந்திரம் என்பது படிப்பு, கைவேலை அல்ல என்று. சொல்லும்போதே அந்த வாதத்தின் நாற்றம் எனக்கே அடித்தது. ஆனால் நடுவர் பின்வாங்கக்கூடாது என்று ஓர் எண்ணம்.

அன்றைய ஆட்டத்தில் பாழடைந்த படிக்கிணறு ஒன்றுக்குள் இறங்கியிருந்தார்கள். ஓநாய்கள் வந்தன. தோழனின் பூசாரி கீழ்ப்படியில் விழுந்து கிடக்கிறான். இன்னொரு கடி பட்டால் முடிந்தது. டெய்லரின் மந்திரம் இரண்டும் தீர்ந்துவிட்டன. ஒன்று நான் பறித்த படியோடு போனது. அவன் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. "கத்திய எடுக்கறேன்." உருட்டினான். 19. அடுத்து 16. இரண்டு ஓநாய் செத்தன, மூன்றாவது ஓடிற்று. மாடியில் கூச்சல், தோழன் எழுந்து அவனைக் கட்டிக்கொண்டான். ஆட்டம் முடிந்து புள்ளி பிரிக்கும்போது, புத்தகத்தைத் திறந்து அந்தப் பத்தியை மொழிபெயர்த்துப் படித்துவிட்டு, அவன் பெயருக்கு நேரே பூஜ்யம் போட்டேன். மற்ற மூவருக்கும் முழுப் பங்கு. காப்பாற்றப்பட்ட பூசாரிக்கும் முழுப் பங்கு. தம்பி தாளைப் பார்த்தான். "சரிங்க சார்" என்றான். மூன்று வருஷமாக நான் அவனுக்கு அண்ணா.

அவன் கீழே இறங்கிப் போன பிறகு யாரும் எழுந்திருக்கவில்லை. கணக்கெழுதும் பெண்தான் பேசினாள். அவள் ஆட்டத்தில் திருடி. நிஜத்தில் யாருடைய பைசாவும் தப்பவிடாதவள். "அந்தத் தம்பி கான்ட்ராக்டர்கிட்ட அட்வான்ஸ் வாங்கியிருக்கறது உங்களுக்குத் தெரியாதுங்ளா? அம்மா நகை ஏலத்துக்குப் போயிரும்னு வாங்குனது. அது கழியற வரைக்கும் ஞாயித்துக்கெழமையும் நைட்டும் ஓட்டோணும். இன்னைக்கு அரைநாள் கேட்டு வாங்கீட்டு வந்துதுங்க." திருப்பூரில் கான்ட்ராக்டரின் அட்வான்ஸ் என்றால் என்ன என்பதை இங்கே விளக்கவேண்டியதில்லை. கழியும்வரை வேறு கம்பெனிக்குப் போக முடியாது, பீஸ் ரேட் பற்றி வாயைத் திறக்க முடியாது.

அந்தக் கடிதத்தை நான் பிறகு படித்தேன். அவள்தான் வாங்கி வந்தாள். ஒரு பக்கம். இரண்டாவது பாராவில், குறிப்பிட்ட தேதிக்குள் சேர்ந்த வட்டியை மட்டும் கட்டி, விண்ணப்பம் கொடுத்தால் தவணையை நீட்டித்துக்கொள்ளலாம் என்று இருந்தது. வட்டி, அவன் வாங்கிய அட்வான்ஸில் எட்டில் ஒரு பங்குகூட இல்லை. படித்துச் சொல்ல எனக்கு ஒரு நிமிஷம் ஆகியிருக்கும். ஆங்கிலம் படித்தவனும் வங்கிக்காரனும் ஒரே ஆளாக அந்த மேஜையில் உட்கார்ந்திருந்தான். இரண்டையும் தொடக்கூடாது என்று வைத்துக்கொண்டு பகடையை அடுக்கிக்கொண்டிருந்தான்.

நான் போய் மன்னிப்புக் கேட்டேன் என்று எழுதினால் கட்டுரை லட்சணமாக இருக்கும். போகவில்லை. இரண்டு மாதம் ஆட்டமே நடக்கவில்லை. அந்த இரண்டு மாதத்தில் ஒரு கவிதைத் தொகுப்புக்கு மதிப்புரை எழுத உட்கார்ந்து, வரவு செலவுபோல 'உருவத்தில் இவ்வளவு, உள்ளடக்கத்தில் இவ்வளவு' என்று எழுதிக்கொண்டே போவதைப் பார்த்துக் கிழித்துப் போட்டேன். லெட்ஜரை நான் எழுத்துக்குள் கொண்டுவருவதில்லை என்று யார் சொன்னது?

தீபாவளி போனஸில் தம்பியின் அட்வான்ஸ் கழிந்தது. கார்த்திகையில் ஒரு ஞாயிறு அவனே ஆசிரியர் வீட்டுக்கு வந்தான், தன் நோட்டோடு. கடைசிப் பக்கத்தில் பென்சிலில் விதி எழுதி வந்திருந்தான். நான் படித்தேன். எங்களில் யாரும் எழுதாத விதம்.

அவன் கணக்கு இப்படி. கைமடி வேலையில் சேரும் பையன் டெய்லர் துணியை மடித்துக் கொடுத்து, மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் மெஷினில் உட்கார்ந்து பழகுகிறான். ஓவர்லாக்கிலிருந்து பேட்லாக்குக்குப் போகிறவனும் கொஞ்ச நாளைக்குக் கைமடிக் கூலிதான் வாங்குகிறான். ஆகவே புது வகுப்பு கற்கிறவனுக்கு, கற்கும்வரை அரைப் பங்கு. அதுதான் விலை. மறதி கிடையாது. பழைய வேலையை எப்போது வேண்டுமானாலும் செய்யலாம், யாரும் தடுக்க முடியாது. செய்தால் புள்ளி பழைய வேலையின் கணக்கில் ஏறும். பகலில் புது மெஷின், ராத்திரியில் பழைய மெஷின் ஓட்டாமல் இந்த ஊரில் யார் வேலை மாறியிருக்கிறார்கள் என்று கேட்டான். பதில் சொல்ல ஆளில்லை.

இன்னொரு வரி இருந்தது. ஒருவன் தன் புது வேலையை விட்டுவிட்டுப் பழைய வேலையால் இன்னொருவனைக் காப்பாற்றினால், அன்றைக்கு அவனுக்கு விட்டுப்போன புள்ளியைக் காப்பாற்றப்பட்டவன் தன் பங்கிலிருந்து தரவேண்டும். "விதி தராதுங்க. அந்தாளு தரோணும்" என்றான். தோழன் உடனே தன் தாளை எடுத்து, படிக்கிணற்று நாளின் புள்ளியில் பாதியை அடித்து அவன் பக்கம் தள்ளினான். பூசாரி ஒரு படி இறங்கிற்று. கணக்கெழுதும் பெண் என்னைப் பார்த்தாள். நான் நடுவர், என்னிடம் தாளே இல்லை.

ஆசிரியர் ஒரு வெள்ளைத்தாளை எடுத்து என் முன்னால் வைத்தார். அன்றிலிருந்து தம்பிதான் நடுவர். நான் பாணனாக வேண்டுமென்று கேட்டேன். கையேட்டின் பின்னிணைப்பை அவன் ஆசிரியரிடம் கேட்டுத் தெரிந்து வைத்திருந்தான்; நேரே ஆகமுடியாது, முதலில் வீரனாக ஐந்து படி, பிறகுதான் மற்றது என்றான். இப்போது நான் 2ஆம் படியில் இருக்கிறேன். எனக்குக் கத்தி பிடிக்க வரவில்லை, எண்களும் மோசம். ஆட்டத்துக்கு முன் அரைமணி நேரம் மேஜையில் கடிதங்கள் வருகின்றன: பி.எஃப். தாள், இன்ஷூரன்ஸ், போன வாரம் ஒரிஸ்ஸாப் பையன் ஒருவனின் கே.ஒய்.சி. நோட்டீஸ். படித்துச் சொல்கிறேன். அதற்குப் புள்ளி உண்டா என்று ஒருநாள் கேட்டுப் பார்த்தேன்.

"அது உங்க பழைய வேலைங்க சார்" என்றான் தம்பி. "அந்தக் கணக்குல ஏறிக்கும். உருட்டுங்க."